எயார் ரைபிளில் குண்டைத் தள்ளுவது ஸ்பிரிங்கா, காற்றா?

கந்தப்பளை, ராகலை, வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்கிற சில வீடுகளில் அலுமாரிக்கு மேலே ஒரு பழைய எயார் ரைபிள் கிடக்கும். குரங்குக் கூட்டம் இறங்கி போஞ்சிக் கொடியைப் பிய்க்கும் காலத்தில்தான் அதன் ஞாபகம் வரும். எடுத்துச் சுட்டால் முதல் சூட்டிலேயே தெரிந்துவிடும், போன வருடம் இருந்த வேகம் இல்லை என்று. உடனே வீட்டில் தீர்ப்பும் வந்துவிடும்: "ஸ்பிரிங் செத்துப்போச்சு."

அப்பா நடத்திய சின்னக் கடையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு, மண்ணெண்ணெய் குக்கர், சைக்கிள் பம்ப், தையல் மெஷின் என்று கழற்றிப் பூட்டிப் பழகியவன் நான். எயார் ரைபிளும் அந்த மேசைக்கு வரும். வந்ததில் முக்கால்வாசி இதே தீர்ப்போடுதான் வந்தது. திறந்து பார்த்தால் ஸ்பிரிங் நன்றாக இருக்கும். எங்கோ ஒரு தோல் காய்ந்திருக்கும், ஒரு வளையம் நசுங்கியிருக்கும், அல்லது ஒரு திருகாணி தளர்ந்திருக்கும். இன்னும் சிலவற்றில் தீர்ப்பை நம்பி யாரோ முன்பே ஒரு கடினமான ஸ்பிரிங்கைத் திணித்து, நன்றாக இருந்த பாகங்களையும் உடைத்திருப்பார்கள். அதைப் பார்க்கும்போதுதான் மனது கஷ்டப்படும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவை விளங்கிவிட்டால் இந்தத் தவறை யாரும் செய்யமாட்டார்கள். அதனால் முதலில் ரைபிளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சின்ன வயது விளையாட்டு ஒன்றுக்குப் போவோம்.

பேனைக் குழாயும் உருளைக்கிழங்கும்

உருளைக்கிழங்கு விளைகிற ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இது தெரிந்திருக்கும். மை தீர்ந்த பேனையின் வெறுங்குழாயை எடுத்து, கிழங்குத் துண்டில் ஒரு முனையைக் குத்தினால் சின்ன அடைப்பு ஒன்று உள்ளே மாட்டிக்கொள்ளும். மறுமுனையையும் அப்படியே குத்த வேண்டும். இப்போது குழாயின் இரண்டு பக்கமும் கிழங்கு, நடுவில் காற்று. ஒரு குச்சியால் பின் அடைப்பை வேகமாக உள்ளே தள்ளினால் 'டப்' என்று முன் அடைப்பு பறக்கும்.

இதில் குச்சி முன் அடைப்பைத் தொடவே இல்லை. பின் அடைப்பு பாதி வழி வருவதற்குள் முன்னது போய்விட்டது. நடுவே அகப்பட்ட காற்று நெருங்கி, இருக்க இடம் போதாமல், முன்னால் இருந்ததைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

எயார் ரைபிள் இந்த விளையாட்டின் இரும்பு வடிவம்தான். முன் அடைப்பு ஈயக் குண்டு. பின் அடைப்பு பிஸ்டன். குச்சியைத் தள்ளும் கைதான் ஸ்பிரிங்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், நம் மனதில் இருக்கும் படம் உண்டிவில்லின் படம். உண்டிவில்லில் ரப்பர் கல்லைக் கடைசி வரை பிடித்துத் தள்ளுகிறது. ரப்பர் தளர்ந்தால் கல் போகாது. புது ரப்பர் கட்டினால் போகும். அந்தக் கணக்கை அப்படியே ரைபிளுக்கும் போட்டு, ரப்பருக்குப் பதில் ஸ்பிரிங் என்று நினைத்துவிடுகிறோம். ஸ்பிரிங்குக்கும் குண்டுக்கும் நடுவில் காற்று என்று ஒன்று இருப்பது அந்தப் படத்தில் விழுவதில்லை.

பேனைக் குழாயில் இன்னும் மூன்று விஷயங்களைச் செய்து பாருங்கள். காய்ந்து சுருங்கிய கிழங்கை அடைப்பாக வைத்தால் காற்று ஓரமாகக் கசிந்து 'புஸ்' என்று போகும். எவ்வளவு பலமாகக் குத்தினாலும் 'டப்' வராது. முன் அடைப்பே இல்லாமல் குத்தினால் குச்சி தடையில்லாமல் ஓடி, கை குழாயில் போய் இடிக்கும். இரண்டு பக்கமும் ஈரமான, புதுக் கிழங்கு இருந்தால் ஆறு வயதுப் பிள்ளையின் பலமே போதும். இனிச் சொல்லப்போகிற பழுதுகளில் பாதி இந்த மூன்றுக்குள் அடங்கும்.

ரைபிளுக்குள் நடப்பது

வீடுகளில் அதிகம் இருப்பது குழலை நடுவில் மடக்கி லோட் பண்ணுகிற வகை. அதையே எடுத்துக்கொள்வோம்.

குழலை மடக்கும்போது ஒரு இரும்புத் தண்டு பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. பிஸ்டன் என்பது சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் ஓடும் இரும்புக் கட்டை. சிலிண்டர் என்பது அது ஓடுகிற உருண்டைக் குழாய். பிஸ்டன் பின்னால் போகப் போக அதற்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் நசுங்குகிறது. கடைசியில் 'கிளிக்' என்று ஒரு கொக்கியில் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும். அந்தக் கொக்கிக்குப் பெயர் சியர். இப்படி மாட்டி வைப்பதைத்தான் லோட் பண்ணுவது என்கிறேன். விசையை இழுத்தால் சியர் விலகும், ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் எறியும்.

சிலிண்டரின் முன்சுவரில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அமுங்கிய காற்று அதன் வழியாகத்தான் குழலுக்குள் வந்து குண்டின் பின்புறத்தைத் தள்ளுகிறது. விசை இழுத்து நூறில் ஒரு செக்கன் அளவுக்குள் இவ்வளவும் முடிந்துவிடும்.

எவ்வளவு காற்று? சிலிண்டரின் உட்குறுக்களவு 25 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 39 கன சென்டிமீட்டர் வரும். பிளேன்டீக் கோப்பையில் கால் பங்கு வருமோ என்னவோ. அந்தக் கொஞ்சக் காற்றுதான், 4.5 மில்லிமீட்டர் ரகத்தில் சுமார் அரை கிராம், 5.5 மில்லிமீட்டர் ரகத்தில் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு இருக்கிற ஈயக் குண்டைத் தூக்கி எறிகிறது. இவ்வளவு சிறிய கணக்கில் ஊசிமுனை அளவு கசிவும் பெரிய நட்டம்.

இதுவரை பார்த்தது: ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் காற்றை அமுக்குகிறது, காற்று குண்டைத் தள்ளுகிறது. வேகம் குறைந்தால் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போயிற்று என்று தேட வேண்டும்.

அதே காற்றுதான் மெத்தையும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் காற்றுக்கு இரண்டு வேலை. முன்னால் இருக்கும் குண்டைத் தள்ளுவது ஒன்று. பின்னால் பாய்ந்து வரும் பிஸ்டனைத் தாங்குவது மற்றொன்று.

வேகமாக ஓடிவரும் இரும்புக் கட்டை சிலிண்டரின் முன்சுவரில் மோதாமல் இருப்பதற்குக் காரணம், கடைசி சில மில்லிமீட்டரில் இறுகிக் கிடக்கும் காற்று மெத்தை போலப் பிடித்துக்கொள்வதுதான். குண்டு குழலை அடைத்துக்கொண்டு இருப்பதால் காற்று உடனே ஓட முடியாது. அதனால்தான் மெத்தை உண்டாகிறது.

குண்டு போடாமல் சுட்டால்? முன் அடைப்பு இல்லாத பேனைக் குழாய்தான். காற்று துளை வழியாக ஓடிவிடும், பிஸ்டன் வெறும் சுவரில் போய் மோதும். 'டங்' என்று உலோகச் சத்தம் வரும். பத்து இருபது தடவை இப்படிச் செய்தால் பிஸ்டனின் தலையில் காற்றை அடைத்து நிற்கும் சீல் நசுங்கலாம், ஸ்பிரிங் முறியலாம். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் எல்லோரும் எடுத்து மடக்கி வெறுமனே 'டக்' என்று அடித்துப் பார்ப்பார்கள். பிள்ளைகளும் அதையே செய்வார்கள். நல்ல ரைபிள் கெட்டுப்போவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான். கண்டிப்பாகத் தடுங்கள்.

கடினமான ஸ்பிரிங் ஏன் கேடு என்பதும் இங்கேதான் விளங்கும். கசிகிற ரைபிளில் மெத்தை ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. அதில் இன்னும் பலமாக எறிகிற ஸ்பிரிங்கைப் போட்டால் பிஸ்டன் இன்னும் பலமாக மோதும். குண்டின் வேகம் பெரிதாக ஏறிவிடாது. அதிர்வு மட்டும் கூடும். மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்ட ரைபிள்களையும் பார்த்திருக்கிறேன். கம்பி தடிப்பாக இருந்தால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, பிஸ்டன் சியருக்கு வந்து சேராது. அதற்கும் மேலே பலம் போட்டு மடக்கும்போது தண்டு வளைந்துவிடும்.

ஸ்பிரிங் சாகவே சாகாது என்று சொல்ல வரவில்லை. லோட் பண்ணியபடி நாள் கணக்கில் வைத்தால் தளரும். முறியவும் செய்யும். முறிந்தால் மடக்கும்போது நறநறவென்று உறுத்தும், சுடும்போது கிணுகிணுப்பு கேட்கும். அந்த அடையாளம் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது அதே கம்பித் தடிப்பு, அதே குறுக்களவு, அதே சுருள் எண்ணிக்கை உள்ளதையே கேட்டு வாங்குங்கள். புது ஸ்பிரிங்கும் கொஞ்ச நாளில் ஓரளவு குறுகி நின்றுகொள்ளும். அது சாதாரணம்.

பெட்ரோமாக்ஸ் பம்பும் தோல் சீலும்

லயத்தில் கரண்ட் வராத காலத்தில் கலியாணம், திருவிழா என்றால் பெட்ரோமாக்ஸ்தான். சில நாள் பம்ப் அடித்தால் கை மட்டும் ஓடும், விளக்குக்குள் காற்று ஏறாது. அப்பா பம்பை வெளியே இழுத்து, அதன் நுனியில் கிண்ணம் போல இருக்கும் தோலைக் காட்டுவார். காய்ந்து, விளிம்பு சுருங்கியிருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பெருவிரலால் விளிம்பை விரித்துவிட்டு உள்ளே போடுவார். அடுத்த அடிப்பிலேயே கை கனக்கும். விளக்குக்குப் புதுப் பம்ப் வேண்டும் என்று வந்தவர் அதே பம்போடு திரும்பிப்போவார்.

சீல் என்பது பிஸ்டனின் முகத்தில் இருக்கும் அந்த அடைப்பு. காற்று ஓரமாகப் பின்னால் போகாமல் தடுப்பது அதன் வேலை. பழைய ரைபிள்கள் பலவற்றில் அது தோல். பிற்காலத்தவற்றில் பிளாஸ்டிக் போன்ற செயற்கைப் பொருள். உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்துகொண்டுதான் எண்ணெய்ப் போத்தலைத் தொட வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து நேர் எதிர்.

தோலுக்கு எண்ணெய் வேண்டும். பல வருடம் சும்மா கிடந்த ரைபிளில் பெரும்பாலும் அது காய்ந்திருக்கும். லோட் பண்ணாத நிலையில் குழலைச் சற்றே திறந்து, சிலிண்டர் பக்கம் தெரியும் காற்றுத் துளையில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, குழலை மூடி, வாய் மேலே பார்க்க ஒரு இரவு நிறுத்தி வைக்கலாம். எண்ணெய் இறங்கித் தோலில் ஊறும். செத்ததாக நினைத்த ரைபிள் இதிலேயே எழும்பி வந்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முதல் சில சூட்டுக்குப் புகை வரும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். செயற்கைச் சீலுக்கு இந்த வைத்தியம் வேண்டாம். அது கிழிந்தால் மாற்றுவது ஒன்றுதான் வழி.

இன்னொரு அடைப்பு இருக்கிறது, அது கண்ணுக்கு நேரே தெரியும். குழலை மடக்கினால், குழலும் சிலிண்டரும் முத்தமிடுகிற இடத்தில் ஒரு சின்ன வளையம் இருக்கும். தோல் வொஷராகவோ ரப்பர் வளையமாகவோ இருக்கலாம். ஒவ்வொரு தடவை மூடும்போதும் இது நசுங்குகிறது. வருடக் கணக்கில் நசுங்கி நசுங்கி மட்டமாகிவிட்டால் காற்று அந்த இடுக்கு வழியே பக்கவாட்டில் பாய்ந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை. குண்டு போட்டு மூடிய பிறகு, அந்தப் பொருத்து மேல் மெல்லிய டிஷ்யூத் துண்டு ஒன்றைச் சும்மா வைத்துவிடுங்கள். முகத்தை விலக்கி, மண் திட்டு ஒன்றைப் பார்த்துச் சுடுங்கள். டிஷ்யூ துள்ளிப் பறந்தால் காற்று அங்கேதான் போகிறது. அசையாமல் இருந்தால் அந்த வளையம் குற்றமற்றது, உள்ளே இருக்கும் சீலைச் சந்தேகிக்கலாம். குண்டில்லாமல் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

சுருக்கமாக: காற்று தப்புகிற இடம் இரண்டு. பிஸ்டன் தலையில் ஒன்று, குழல் பொருத்தில் ஒன்று. ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

புகையும் வெடிச்சத்தமும் பலத்தின் அடையாளமா?

"எண்ணெய் ஊத்தினேன் அண்ணே, இப்ப வெடி மாதிரி கேக்குது" என்று சந்தோஷமாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிற்காது.

மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போகிற லொறியை நினைத்துக்கொள்ளுங்கள். டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினில் இருப்பதுபோலப் பொறி தட்டுகிற பிளக் கிடையாது. காற்றை வேகமாக நெருக்கினால் அது சூடாகும். டீசலைப் பற்றவைக்க அந்தச் சூடே போதும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதும் அதே காரணத்தால்தான், உரசலும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். ரைபிளின் சிலிண்டருக்குள் அமுக்கம் இன்னும் வேகமானது; காற்று அந்தக் கணத்தில் பல நூறு பாகைக்கு ஏறும். அங்கே எண்ணெய்த் துளி இருந்தால் தீப்பிடிக்கும். இதற்குத்தான் டீசலிங் என்று பெயர்.

கொஞ்சம் புகை, லேசான எண்ணெய் வாடை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. வெடி போன்ற சத்தம் வந்தால் உள்ளே நடந்தது உண்மையிலேயே ஒரு சின்ன வெடிப்பு. அது பிஸ்டனைப் பின்னால் உதைக்கும், சீலைக் கருக்கும், ஸ்பிரிங்கை முறிக்கும். ஒவ்வொரு சூட்டிலும் குண்டின் வேகமும் மாறும், அதனால் குறி ஓரிடத்தில் நிற்காது. சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய், என்ஜின் ஒயில், துருவைத் தளர்த்தும் ஸ்பிரே எதையும் விடவேண்டாம். அமுக்க அறைக்கென்று எளிதில் தீப்பிடிக்காத சிலிக்கோன் எண்ணெய் விற்கிறார்கள். அதுவும் சொட்டுக் கணக்கில்தான், தோல் சீலுக்குத்தான்.

வெளியே இருக்கும் இரும்புக்கும், குழல் மடங்கும் ஆணிக்கும் தையல் மெஷின் எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். அது ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் தலைக்கு வைக்கிற எண்ணெயே போத்தலில் கட்டியாகி, வெயிலில் வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. அதே கட்டி ரைபிளின் மூட்டுகளில் சேர்ந்தால் நாளாக நாளாகப் பிசினாகி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மலைக் காற்றும் மழையும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கரையோரத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். பருப்பு வேக அதிக நேரம் எடுப்பது இதனால்தான். தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. சிலிண்டர் அதே சிலிண்டர், ஆனால் அதற்குள் அகப்படும் காற்று குறைவு. ஆகவே கொழும்பில் சுட்ட ரைபிள் இங்கே சற்று மெதுவாகத் தள்ளும், பிஸ்டனுக்குக் கிடைக்கும் மெத்தையும் கொஞ்சம் மெலிது. இது பழுது கிடையாது, திருத்தவும் ஒன்றுமில்லை. அங்கே வாங்கி வந்தவர் ஏமாற்றப்பட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சின்னக் குப்பியில் அடைத்த கார்பன் டை ஒக்சைட்டில் ஓடும் துப்பாக்கியில் குளிர் இன்னும் அதிகம் தெரியும். அந்த வாயுவின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 பாகையில் வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 57 மடங்கு இருப்பது, 10 பாகையில் 45 மடங்காக இறங்கிவிடும். மார்கழி, தை மாத விடியற்காலையில் அது சோர்ந்துபோவது இயல்பு.

உண்மையான எதிரி ஈரம். தென்மேல் பருவமழையில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் துணியே நாள் கணக்கில் காயாது. இரும்பு என்ன செய்யும்? ரெக்சின் உறைக்குள் மூடி வைப்பது பாதுகாப்பு மாதிரித் தெரியும். ஆனால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. கம்பளித் துணியில் சுற்றுவதும் அப்படித்தான். தொட்ட பிறகு கை வியர்வையைத் துடைத்து, எண்ணெய் தடவிய துணியால் ஒரு தடவை தேய்த்து, காற்றோட்டமான, பூட்டுள்ள இடத்தில் வையுங்கள். குழலுக்குள்ளும் லேசாக எண்ணெய்த் துணி ஓட்டலாம். அப்புறம் சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் அதைத் துடைத்தெடுக்க மறக்க வேண்டாம். மறந்தால் மேலே சொன்ன டீசலிங் வரும்.

வேகம் இருக்கிறது, குறி தப்புகிறது

இதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு ஸ்குரூ ட்ரைவர். ஸ்பிரிங் ரைபிள் இரண்டு பக்கமும் உதைக்கும்: பிஸ்டன் புறப்படும்போது பின்னால், நிற்கும்போது முன்னால். இந்த ஆட்டத்தில் மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகாணிகள் தாமாகவே தளரும். குறி பார்க்கும் பாகத்தின் ஆணியும் தளரும். இறுக்கிவிட்டுச் சுட்டுப் பார்த்தால் பாதிப் பேருடைய முறைப்பாடு அங்கேயே தீர்ந்துவிடும்.

மடங்கும் மூட்டில் குழல் பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் குழலுக்குள் ஈயம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ரைஃப்ளிங் என்பது குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரி. ஈயம் மிருதுவானது, வரியில் பதிந்து போகும். சைக்கிள் பெயாரிங் உருண்டை போன்ற இரும்பைப் போட்டுச் சுட்டால் அந்த வரி தேய்ந்துவிடும், அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

கை வைக்கக் கூடாத இடங்கள்

ஸ்பிரிங் ரைபிள் லோட் பண்ணாமல் இருக்கும்போதும் ஸ்பிரிங் முழுதாகத் தளர்ந்திருப்பதில்லை. உள்ளே ஏற்கெனவே அமுங்கித்தான் இருக்கிறது. பின்மூடியை வெறுமனே கழற்றினால் அது முகத்துக்கு நேரே பாய்ந்து வரும். அதை மெல்ல மெல்ல விடுவிக்க ஒரு இறுக்கி வேண்டும், பழகிய கையும் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் தொழில் தெரிந்த பாஸிடம் கொடுங்கள்.

சியரை அரம் போட்டுத் தேய்க்கவே கூடாது. விசை இலகுவாக வேண்டும் என்று தேய்த்த ரைபிள், தட்டினாலே சுடுகிற ரைபிளாகிவிடும். குழல் மடங்கியிருக்கும்போது சியர் நழுவினால் குழல் மேலே பாய்ந்து விரலை நசுக்கும். அதனால் சியர் நல்ல நிலையில் இருந்தாலும், குண்டு போடுகிற நேரம் முழுவதும் மற்றக் கையால் குழலைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூடும்போது சியர் நழுவித் தானாகவே சுட்டுவிடுகிற ரைபிளை இன்னொரு தடவை சுட்டுப் பார்க்க வேண்டாம்.

முன்கூட்டியே காற்று நிரப்பிய தொட்டியில் ஓடுகிற புது வகைகளும் இருக்கின்றன. அவற்றின் தொட்டியில் 200 வளிமண்டலத்துக்கு மேலும் அழுத்தம் இருக்கலாம். வீட்டில் திறக்கிற சாமான் இல்லை அது.

பலம் குறைந்த ரைபிளோடு வாழ்வது

உதிரிப் பாகம் கிடைக்காத பழைய ரைபிளை என்ன செய்வது என்று கேட்பார்கள். கசிவு கொஞ்சம், பொறிமுறை பாதுகாப்பு என்றால், பத்து மீட்டரில் தகர டின்னைக் குறிபார்க்க அது இன்னும் பல வருடம் உழைக்கும். வேகம் குறைந்ததால் குண்டு கீழே விழும். அதற்கேற்பக் குறியை மாற்றிக்கொண்டால் சரி. அதைப் புது ரைபிளாக்கப் போராட வேண்டியதில்லை.

ஆனால் "பலமில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகாது" என்ற நினைப்பை மட்டும் விட்டுவிட வேண்டும். காற்றை விளையாட்டாக நினைப்பதே தவறு. 1780 அளவிலேயே ஒஸ்திரிய இராணுவம் காற்றில் இயங்கும் ரைபிளைப் படைக்குக் கொடுத்திருக்கிறது. பாதிப் பலம் உள்ள ரைபிளும் ஒரு கண்ணைப் பறித்துவிடும். லயங்கள் நெருங்கி நிற்கிற இடத்தில், பின்னால் மண் திட்டு இல்லாத பக்கம் ஒருபோதும் சுடக் கூடாது.

மிருகங்களுக்கும் இதுவே. மெலிந்த சூடு குரங்கைக் கொல்லாது, காயப்படுத்தும். காயம் சீழ் பிடித்து, பல நாள் வேதனைப்பட்டுச் சாகும். ஹக்கல பக்கம் நாம் காணும் அடர்ந்த மயிருள்ள மலைமந்தி இலங்கைக்கே உரிய, அழியும் ஆபத்தில் இருக்கும் இனம். அதை நோக்கிக் குழலைத் திருப்பவே கூடாது. விரட்டுவதுதான் நோக்கம் என்றால் தகரம் தட்டுவதும், நாயும், நேரத்துக்கு ஒரு ஆள் காவலும் இந்த ரைபிளைவிட நன்றாக வேலை செய்கின்றன என்பது என் அனுபவம்.

குண்டைப் பல்லிடையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற பழக்கம் பல பேருக்கு இருக்கிறது. அது ஈயம், உடம்பில் சேர்கிற நஞ்சு. சுட்டு முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். புதிதாக வாங்குவதானாலும், தாத்தா விட்டுப்போனதை வைத்திருப்பதானாலும், அனுமதி பற்றிப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போன வருடம் ராகலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். "அண்ணே, ஸ்பிரிங் செத்துப்போச்சு. நானே ஒன்னு வாங்கிட்டு வந்துட்டேன், போட்டு மட்டும் தாங்க" என்றான். கையில் தடித்த கம்பியில் ஒரு ஸ்பிரிங். டிஷ்யூவை வைத்துச் சுட்டுக் காட்டினேன். துண்டு கூரை வரை பறந்தது. பழைய சப்பாத்துத் தோலில் ஒரு வொஷர் வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினோம். அடுத்த சூட்டில் டிஷ்யூ அசையவில்லை. அவன் குனிந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கொண்டுவந்த ஸ்பிரிங்கை எடுத்துப்போக மறந்துவிட்டான். இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது.